பனியில்லா ஊரில் பனையோலைக் கிறிஸ்துமஸ்

2023 டிசம்பர் 22-ஆம் தேதி மாலை, மதுரையிலிருந்து நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணத்தை உடைந்த சாலைகளைச் சுற்றிச் சுற்றி ஏழு மணி நேரத்தில் முடித்து, தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையிலுள்ள எங்கள் ஊருக்கு நாங்கள் வந்து சேர்ந்தோம். முற்றத்தில் ஓர் அட்டைப்பெட்டி பிளந்து கிடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் கடை கடையாக வாங்கிச் சேர்த்த கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்கள் அனைத்தும் அதற்குள்தான் இருந்தன. 17, 18 தேதிகளில் பெய்த அந்தப் பெருமழையில், எங்களுக்குப் பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்து, ஒரு நாள் நின்று, சேற்றை விட்டுவிட்டு வடிந்திருந்தது. பிளாஸ்டிக் மரத்தின் ஊசியிலைகளில் சகதி அப்பியிருந்தது. சீரியல் விளக்குச் சரங்கள் கருத்துப் போயிருந்தன. பிளாஸ்டர் சொரூபங்களில் மாதாவின் முகத்திலிருந்த வண்ணம் கரைந்து, வெறும் வெள்ளைக் கட்டியாக மிஞ்சியிருந்தது.

இந்த ஆண்டு எதுவும் வேண்டாம் என்றார் அம்மா. அப்பா மறுத்துப் பேசவில்லை. ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு மூட்டவே வழியில்லாத நேரத்தில் நட்சத்திரம் கட்டுவது எவருக்கும் பொருத்தமாகத் தோன்றவில்லை. எழுபத்தெட்டு வயதான பெரியம்மா மட்டும், ஈரத்தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தபடியே, "ஏளா, கொட்டில்ல பொறந்தவருக்குச் சகதி என்ன புதுசா? குடில மட்டும் வச்சிருவோம்" என்றார். மறுநாள் காலையில் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு, காற்றில் விழுந்து கிடந்த காவோலைகள் என்னும் காய்ந்த பனையோலைகளையும், வாசலில் வெள்ளம் கொண்டுவந்து குவித்திருந்த செம்மணலையும் வைத்து நாங்கள் கட்டிய குடில்தான், நான் இப்போது எழுதவிருக்கும் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அந்தக் குடிலை நாங்கள் விடிலியாகவே கட்டினோம். விடிலி என்பது பனையேறிகள் பதனீர் காய்ச்சுவதற்காகத் தோப்பிலேயே போட்டுக்கொள்ளும் ஓலைக் குடிசை. தாழ்ந்த கூரையும் திறந்த முகப்பும் கொண்டது. பருவம் முடிந்ததும் அப்படியே விட்டுவிடுவார்கள். பெத்லகேமின் மாட்டுக் கொட்டிலை நாங்கள் எவரும் கண்டதில்லை, விடிலியைக் கண்டிருக்கிறோம். எனவே இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், முகப்பில் ஒன்றேகால் அடி உயரம் என்று அளவு வைத்து, நான்கு மூலைக்கும் பனைமட்டைத் துண்டுகளை நட்டு, அவற்றின் மேல் ஈர்க்குகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, காவோலையைக் கீழ்வரிசையிலிருந்து மேல்வரிசை நோக்கி அடுக்கி வேய்ந்தோம். கூரை வேயும்போது கீழிருந்து தொடங்குவதுதான் முறை. மேலிருந்து தொடங்கினால் ஓலையின் நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் துருத்தி நிற்கும். சிறிய குடிலாக இருந்தாலும் இந்த ஒழுங்கு தவறினால் அது கூரையாகத் தோன்றாது, குப்பைக் குவியலாகத் தோன்றும்.

பின்னர் ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அசிசி நகரப் பிரான்சிஸ் புனிதர் இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் கிறிஸ்து பிறப்புக் காட்சியை முதன்முதலாக அமைத்தது 1223-ஆம் ஆண்டில். அதற்கு அவர் ஒரு தீவனத் தொட்டியும், வைக்கோலும், ஒரு மாடும், ஒரு கழுதையும் போதும் என்று ஏற்பாடு செய்தார். சரியாக 800 ஆண்டுகள் கழித்து, சொரூபங்கள் கரைந்துபோன எங்கள் வீட்டிலும் ஏறத்தாழ அதே பட்டியல்தான் மிஞ்சியிருந்தது. கழுதை மட்டும் இல்லை; பக்கத்து வீட்டு ஆடு இருந்தது. அந்த ஆட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு பெட்டியை மறுபடியும் நிரப்புவதா என்ற கேள்வி வந்தபோது, வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவோடு கடைக்குப் போனபோதுதான் ஒரு வேடிக்கையைக் கண்டேன். கிராமத்துப் பாணி என்ற பெயரில், சணல் சுற்றிய பிளாஸ்டிக் மணிகளும், புதுப் பலகையை வேண்டுமென்றே கீறிப் பழையதாகக் காட்டிய பெயர்ப்பலகைகளும், செயற்கைப் பனி தூவிய நெகிழிக் கிளைகளும், சாதாரண அலங்காரப் பொருட்களைவிட இரண்டு மடங்கு விலையில் தொங்கின. எளிமையைப் பணம் கொடுத்து வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அத்தகைய பலகை ஒன்றை நானும் முன்பு வாங்கியிருக்கிறேன். ஆயினும் இரண்டு ஆண்டு அனுபவத்தில் எனக்குப் புரிந்தது, நாட்டுப்புற அலங்காரம் கேட்பது பணத்தையல்ல, நாட்களை என்பதே. டிசம்பர் 20-ஆம் தேதி ஊருக்கு வந்து இறங்கி, இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவருக்குக் கடைதான் வழி. ஓலைக்கு அக்டோபரில் தொடங்க வேண்டும். குடிலைச் சுற்றி வைக்கும் தானிய முளைப்புக்கு டிசம்பர் இரண்டாம் வாரத்தில் விதைக்க வேண்டும். நட்சத்திரத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

ஓலையிலிருந்து தொடங்குகிறேன். பனையின் நடுவில் விரியாமல் நிமிர்ந்து நிற்கும் இளம் ஓலை குருத்தோலை. விரிந்து பச்சையாக முற்றியது சாரோலை. மரத்திலேயே காய்ந்து பழுப்பாகித் தொங்குவது காவோலை. அலங்காரத்துக்கு மூன்றும் பயன்படும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்காது. தந்த நிறத்தில் மெல்லியதாக மடங்கும் குருத்தோலையில்தான் பறவை, மணி, சிலுவை, பின்னல் சரம் ஆகியவற்றைச் செய்ய முடியும். கூரைக்குக் காவோலை; குடிலுக்குப் பின்னே நிறுத்தும் தட்டிக்குச் சாரோலை. குருத்தோலை வெட்டித் தந்த பனையேறித் தாத்தா, ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "கொழுந்தையே கேட்டா மரம் என்னத்தத் திங்கும்?" என்பது அவர் கேள்வி. எங்களுக்கு மூன்று குருத்துகள் போதுமானவையாக இருந்தன. மூன்று மரங்களிலிருந்து எடுத்தார்.

அவற்றை இதழ் இதழாகப் பிரித்து, நடுவிலுள்ள ஈர்க்கை நகத்தாலோ கத்தி முனையாலோ நீக்கி, நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் திண்ணையில் நான்கைந்து நாட்கள் உலர்த்த வேண்டும். முதல் ஆண்டு நான் செய்த பிழை, நவம்பரில் ஓலை வாங்கியது. வடகிழக்குப் பருவமழையில் வெயிலே இல்லை. பாதி காய்ந்த ஓலைகளைச் சுருட்டிக் கட்டி வைத்தேன். பத்து நாட்களில் அவற்றின் மேல் கரும்புள்ளிகள் பரவிவிட்டன. பெரியம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, தம் அம்மா காலத்தில் பெட்டி முடையும் ஓலையை அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகைபடும்படி வைப்பார்கள் என்றார். எங்கள் சமையலறையில் இப்போது விறகடுப்பு கிடையாது. ஆகவே அடுத்த முறை மழைக்கு முன்னரே, அக்டோபர் தொடக்கத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு சேர்த்துப் பழைய வேட்டியில் சுற்றி வைத்தோம். ஒரு புள்ளியும் விழவில்லை.

முடைவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஓலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். நனைக்காமல் மடித்தால் மடிப்பில் வெடிக்கும். அதிகம் நனைத்தால் முடைந்தது காயும்போது இடைவெளி விட்டுத் தளரும். ஈரம் என்று கையில் தெரிய வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. பெரியம்மா தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு இன்னும் அந்தக் கை வரவில்லை. அவருடைய தலைமுறையில் கொட்டான், கடவம், பதனீர் குடிக்கும் பட்டை என்று எல்லாமே ஓலையில் செய்தவர்கள் என்பதால், பறவை செய்யச் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு குருத்தோலை ஞாயிற்றுக்குச் சிறுவர்கள் பின்னும் சிலுவையிலிருந்து தொடங்கி, ஒரே மாலையில் கிளி, மீன், கிலுகிலுப்பை என்று பதினெட்டு உருப்படிகளைச் செய்து போட்டார். வண்ணம் ஏற்றலாமா என்று என் மகள் கேட்டாள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். தேரி என்னும் செம்மணல் மேட்டின் சிவப்பு, சுண்ணாம்பின் வெள்ளை, குருத்தோலையின் தந்தநிறம், முளைப்பின் பச்சை ஆகிய நான்கும் எங்கள் மண்ணிலேயே இருக்கும்போது, ஐந்தாவதாக ஒரு நிறம் வந்தால் அது கடைக்குப் போய்த்தான் வந்திருக்க வேண்டும்.

குதிரைமொழித் தேரியின் மணலைக் கண்டவர்களுக்குத் தெரியும், அது காவியைக் கரைத்துக் காய வைத்தது போன்ற சிவப்பு. மணற்பருக்கைகளின் மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால் வரும் நிறம் அது. எங்கள் வீட்டு வாசலில் கிடப்பதும் அதே வகை மணல்தான். அதில் ஒரு வாளி எடுத்துச் சலித்து, குடிலின் தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினோம். மலைக்கென்று முன்பெல்லாம் வண்ணம் அடித்த கசங்கிய தாளை வாங்குவோம். இப்போது பழைய சாக்கைக் கஞ்சித்தண்ணீரில் முக்கி, தலைகீழாகக் கவிழ்த்த பானைகளின் மேல் போர்த்திக் காயவிட்டால், மறுநாள் அது தானாகவே மலையாக நிற்கிறது. ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் செம்மணலைத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். பானைகளைப் பொங்கலுக்கு முன்னால் எடுத்துக் கழுவிக்கொள்ளலாம்.

குடிலைச் சுற்றிலும் புல்லாகத் தோன்றுவதற்குத் தானியம் முளைக்கப் போடுவது எங்கள் பகுதியில் பழைய வழக்கம். கோயில் கொடை விழாக்களில் முளைப்பாரி வளர்ப்பதைக் கண்டவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல, வேறுபாடு ஒன்றுதான். முளைப்பாரியை இருட்டில் வளர்த்து மஞ்சளாக நீள விடுவார்கள். குடிலுக்கு வெளிச்சத்தில் வளர்த்துப் பச்சையாகக் குட்டையாக நிறுத்த வேண்டும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் முழுவதும் துணியில் கட்டி வைத்து, முளை தலைகாட்டியதும், இரண்டு அங்குல உயரமுள்ள தட்டில் மணலும் பொடித்த சாணஎருவும் சம அளவில் கலந்து பரப்பி, அதன் மேல் நெருக்கமாகத் தூவ வேண்டும். மேலே மண் போட்டு மூட வேண்டியதில்லை. ஈரச்சாக்கு ஒன்றை இரண்டு நாள் போர்த்தினால் போதும். தண்ணீரைச் செம்பால் ஊற்றினால் விதை ஒருபுறம் ஒதுங்கிவிடும். கையால் தெளிக்க வேண்டும். டிசம்பர் 13-இல் விதைத்தால் 24-ஆம் தேதி மூன்று அங்குலப் பசுமை கிடைக்கும் என்பது எங்கள் கணக்கு. மேகமூட்டமான ஆண்டில் இரண்டு நாள் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

2024-இல் இந்தக் கணக்கெல்லாம் சரியாக வந்தது. 20-ஆம் தேதி காலையில் இளவெயில் படட்டும் என்று தட்டுகளை முற்றத்தில் வைத்துவிட்டு நான் உள்ளே போய்க் காப்பி குடித்துத் திரும்புவதற்குள், மேலே குறிப்பிட்ட ஆடு நான்கு தட்டுகளையும் மண் தெரிய மேய்ந்திருந்தது. ஆட்டுக்காரரின் மனைவி ஓடிவந்து, "மைனி, நான் கட்டித்தான் போட்டிருந்தேன்" என்று வருந்தினார். நாற்றைத் திறந்தவெளியில் வைத்தது என் பிழை. கேழ்வரகு மறுபடியும் வளர நேரமில்லை. கம்பு போட்டால் பிடிக்கலாம் என்று அம்மா சொன்னார். அன்று பகலிலேயே வெந்நீரும் அல்லாத, பச்சைத் தண்ணீரும் அல்லாத பதத்தில் ஊறவைத்து, இரவு கட்டி, மறுநாள் தூவியதில், 24-ஆம் தேதி மாலைக்குள் ஒன்றரை அங்குலம் எழும்பிவிட்டது. கம்பின் தாள் கேழ்வரகைப் போல மென்மையாக இராது, சற்றுத் தடித்து நிற்கும்; ஆயினும் அவசரத்துக்கு அதைவிட நம்பிக்கையான தானியம் வேறில்லை. இப்போது ஒரு தட்டுக் கம்பைத் தனியே, ஆடு எட்டாத மாடிப்படியில் முன்னெச்சரிக்கையாக வளர்க்கிறோம்.

நட்சத்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் கைவிடுவது இதில்தான். மூங்கிலைப் பிளந்து கட்டுவதே பொதுவான வழக்கம். எங்கள் ஊரில் மூங்கிலை விலைக்குத்தான் வாங்க வேண்டும்; பனைமட்டை காலடியில் கிடக்கிறது. காய்ந்த மட்டையின் இரு ஓரங்களிலும் ரம்பம் போலிருக்கும் கருக்கை முதலில் அரிவாளால் சீவி எறிந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் பிளக்கத் தொடங்கிய என் கணவரின் உள்ளங்கையில் இன்றும் ஒரு தழும்பு உண்டு. பிறகு நீளவாக்கில் பிளந்து, பெருவிரல் அகலப் பத்தைகளாக எடுத்துக்கொள்ளலாம். வெளித்தோல் இருக்கும் பக்கம் உறுதியானது. உள்பக்கத்து மென்மையான சோற்றுப் பகுதியைச் சீவிவிட்டால் எடை குறையும்.

எங்கள் முதல் நட்சத்திரம் கோணலாக வந்தது. ஐந்து குச்சிகளையும் கண்ணளவில் வெட்டி, முனைகளைக் கட்டிக்கொண்டே போனோம். கடைசி முனை மற்றதோடு சேர மறுத்தது. பள்ளியில் கணிதம் கற்பிக்கும் எனக்கு இதைவிட வெட்கம் வேறில்லை. ஐந்து குச்சிகளும் ஒரே நீளமாக இருந்தால் மட்டும் போதாது, அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களும் ஒரே தூரத்தில் அமைய வேண்டும். குச்சியின் நீளத்தை 0.382-ஆல் பெருக்கினால் வரும் அளவை இரு முனைகளிலிருந்தும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றடிக் குச்சி என்றால், ஒவ்வொரு முனையிலிருந்தும் பதிமூன்றே முக்கால் அங்குலத்தில் ஒரு கோடு. நடுவில் எட்டரை அங்குலம் மிஞ்சும். அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி, பாய் முடைவது போல மேலும் கீழுமாகக் கோத்து வைத்தால், கட்டுவதற்கு முன்பே நட்சத்திரம் தானாக நிற்கும். ஜெர்மனியின் மொராவியத் திருச்சபைப் பள்ளி ஒன்றில், 19-ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்கு வடிவியல் கற்பிக்கத்தான் தாள் நட்சத்திரம் செய்யப் பழக்கினார்கள் என்று படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. எட்டாம் வகுப்பில் விகிதம் என்றாலே ஓடும் என் மகன், அந்த ஒரு பிற்பகலில் அதைக் கையால் புரிந்துகொண்டான்.

இத்தகைய சட்டங்கள் இரண்டு வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஐந்து கூர்முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் ஏழு அங்குலக் கட்டை ஒவ்வொன்றை முட்டுக் கொடுத்தால், நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும். ஆகப் பத்து நீளக்குச்சிகள், ஐந்து முட்டுக்கட்டைகள். கட்டுவதற்குப் பனைநார். ஊறிய நார் சொன்னபடி வளையும். காய்ந்தபின் முடிச்சு அசையாது. நைலான் கயிற்றில் இந்தப் பிடிமானம் இல்லை, இரண்டு நாளில் வழுக்கத் தொடங்கிவிடுகிறது.

தாள் ஒட்டுவதற்கு ஒரு முனைக்கு நான்கு முக்கோணம் வீதம் இருபதும், முன்னும் பின்னும் நடுவில் ஐங்கோணம் இரண்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் வெள்ளைத் தாளைத்தான் பயன்படுத்தினோம். நடுவிலுள்ள ஐங்கோணத்துக்கு மட்டும் சிவப்பு. பசை காய்ச்சுவதில் முதல் ஆண்டு மைதாவை நம்பி, எறும்பையும் எலியையும் ஒருசேர விருந்துக்கு அழைத்தோம். பழைய அச்சகக்காரர்கள் போல மயில்துத்தம் கலக்கலாம் என்றார் அப்பா. அது நஞ்சு, குழந்தைகள் கைவைக்கும் வேலையில் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, பொடித்துக் காய்ச்சிய பசை, மைதாப் பசையைவிட இறுக்கமாகப் பிடித்தது, எறும்பும் நெருங்கவில்லை. ஒட்டிய தாள் காய்ந்ததும் அதன் மேல் மெழுகுவத்தித் துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்தால், தூறல் விழுந்தாலும் நீர் உருண்டோடிவிடும். பெருமழைக்கு அது தாங்காது என்பதால் நட்சத்திரத்தைத் தாழ்வாரத்துக்கு உள்ளேயே தொங்கவிட்டோம். பின்பக்கத்து ஐங்கோணத்தில் ஒரு பக்கத்தை ஒட்டாமல் கதவு போல விட்டால் விளக்கை மாற்றலாம். கீழ்முனைகளில் பென்சில் நுழையும் அளவு துளையிட்டால் உள்ளே நீர் தேங்காது. என் சிறுவயதில் இதற்குள் நாற்பது வாட் குண்டு பல்பு எரிந்து, தாள் பழுப்பேறிக் கருகும். இப்போது ஐந்து வாட் எல்இடி போதும், ஆனால் அதுவும் தாளைத் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சவுக்குக் கிளையை வெட்டி வந்து தொட்டியில் நட்டு, அதன் மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, பனி என்று நாங்களே நம்பிக்கொள்வது எங்கள் ஊரில் பல்லாண்டு வழக்கம். பெத்லகேமிலேயே எப்போதாவதுதான் விழும் பனி, எங்கள் தேரியில் விழுந்ததாகக் காட்ட வேண்டிய கட்டாயம் என்ன என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பனிக்குப் பதில் எங்களிடம் பனை இருக்கிறது. சவுக்கை விட்டு, தேரிக்காட்டில் குடை விரித்தாற்போல நிற்கும் உடைமரத்தின் காய்ந்த கிளை ஒன்றை எடுத்து, சுண்ணாம்பில் கஞ்சி கலந்து பூசி, மணல் நிரப்பிய பழைய பானையில் நட்டோம். அதன் முள்ளே கொக்கி. நூலோ கம்பியோ இல்லாமல் ஓலைக் கிளிகள் அதில் தொங்கின. சுருண்ட உடைநெற்றுகளையும் பனங்கொட்டை ஓடுகளையும் இடையிடையே கோத்தோம். காலையில் பறித்த ஆவாரம்பூவை முள்முனைகளில் செருகியதுதான் எல்லோருக்கும் பிடித்தது, ஆனால் மாலைக்குள் வாடிவிடும், நாள்தோறும் மாற்ற வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் முள்மரத்தை மேசை மேல்தான் வைக்க வேண்டும்.

விளக்கு விஷயத்தில் நான் செய்த தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023-இல் மின்சாரம் இல்லாததால், சிரட்டையில் மணல் போட்டு மெழுகுவத்தி நட்டு, குடிலுக்கு வெளியே மூன்றடி தள்ளி வைத்திருந்தோம். அந்த வெளிச்சத்தின் அழகில் மயங்கி, மறு ஆண்டு ஒரு சிரட்டை விளக்கைக் குடிலின் கூரைக்குக் கீழேயே கொண்டுபோய் வைத்தேன். நடுச்சாமத் திருப்பலிக்குப் புறப்படும் அவசரத்தில் எல்லோரும் புடவையும் சட்டையும் தேடிக்கொண்டிருந்தபோது காவோலை பற்றிக்கொண்டது. காவோலை எரிவதைக் கண்டவர்களுக்குத் தெரியும். பற்றும் முன் ஒரு சடசடப்பு, அவ்வளவுதான். பெரியம்மா கைக்கு எட்டிய முளைப்புத் தட்டை அப்படியே ஈரமண்ணோடு தூக்கிக் கூரையின் மேல் கவிழ்த்தார். தீ அணைந்தது. குடிலிலிருந்த ஓர் ஆட்டுப் பொம்மையும் சூசையப்பரின் கைத்தடியும் கருகின, முன்கூரை போயிற்று. கோயிலிலிருந்து திரும்பி வந்து, அரைக்கூரைக் குடிலில்தான் பாலன் சொரூபத்தை வைத்தோம்.

அன்று முதல் எங்கள் வீட்டில் நெருப்புள்ள விளக்கு முற்றத்தைத் தாண்டி உள்ளே வருவதில்லை. கோலத்தைச் சுற்றி, மணலில் பாதி புதைத்த சிரட்டைகளில் மட்டும் எரிகிறது. பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கும். எரியும்வரை ஓர் ஆள் திண்ணையில் இருப்பார். ஓலையும் வைக்கோலும் இருக்கும் குடிலுக்குள், மின்கலத்தில் எரியும் சிறிய எல்இடி ஒன்று, கூரையின் பின்புறம் மறைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பொருள் இருப்பதால் எங்கள் எளிமை கெட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை. 2024-இல் தாள், விளக்கு, மின்கலம், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துச் செலவு 340 ரூபாய். பனையேறித் தாத்தாவுக்குக் கொடுத்தது தனி.

சொரூபங்களை மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. பிளாஸ்டர் வேண்டாம் என்று சுட்ட மண்ணில் தேடினோம். கேட்டபோது, மழைக்காலத்தில் மண் காயாது, புரட்டாசிக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும் என்றார் குயவர். அந்த ஆண்டு பாலனும் மாதாவும் சூசையப்பரும் மட்டும் அவருடைய பழைய இருப்பிலிருந்து கிடைத்தார்கள்; இடையர்களும் ராசாக்களும் ஓலையில் பெரியம்மா முடைந்தவர்கள். ராசாக்களுக்கு முகம் கிடையாது, தலையில் ஈர்க்கு மகுடம் மட்டும் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று அவர்களைத் திண்ணையின் கோடியில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு முழம் நகர்த்தி, மூன்று ராசாக்கள் திருநாளான ஜனவரி 6-ஆம் தேதி குடிலுக்குக் கொண்டு சேர்க்கும் வேலை என் மகளுடையது.

அன்று மாலையே எல்லாவற்றையும் பிரித்தோம். நட்சத்திரத்தின் தாளைக் கிழித்துவிட்டு, சட்டத்தை அப்படியே மாட்டுக் கொட்டகையின் உத்தரத்தில் மாட்டினார் அப்பா; ஓலைக் கிளிகள் வேப்பிலையோடு வேட்டிக்குள் போயின; மணல் வாசலுக்குத் திரும்பியது; காவோலையில் எரியாத பாதி, வெந்நீர் அடுப்புக்கு. தீயணைத்ததில் மிஞ்சிய மூன்று தட்டுக் கம்பும் அதற்குள் ஒரு சாண் வளர்ந்து தலைசாய்ந்திருந்தது. அவற்றை எடுத்துக்கொண்டு பெரியம்மா பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். கட்டியிருந்த கயிற்றை முறுக்கிக்கொண்டு, அவர் வருவதற்கு முன்பே அந்த ஆடு எழுந்து நின்றுவிட்டது.